வேகாத பருப்பும் உப்பிய சிப்ஸ் பாக்கெட்டும்

போன கோடை விடுமுறைக்கு அருப்புக்கோட்டையிலிருந்து பெரியம்மா குன்னூருக்கு வந்திருந்தார். கூடவே பேரன், ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். வந்த மறுநாளே சமையலறை பெரியம்மா கைக்குப் போய்விட்டது. குக்கரில் வைத்த பருப்புக்கு மணம் கிடையாது என்பது அவர் கட்சி. பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டு, மஞ்சள்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு அடுப்பில் ஏற்றினார். ஊரில் முக்கால் மணி நேரத்தில் குழைந்துவிடும் பருப்பு, இங்கே ஒன்றேகால் மணி நேரம் கொதித்தும் விரலுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடியது.

"தண்ணி சரியில்ல" என்றார் முதலில். ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டுப் பார்த்தார். பலன் இல்லை. "கடைக்காரன் பழைய பருப்ப உன் தலையில கட்டிட்டான்ப்பா" என்றார் அடுத்து. அப்புறம் கேஸ் அடுப்பின் மேல் பழி விழுந்தது. தீயைக் கூட்டினார். பருப்பு இன்னும் ஆவேசமாகக் கொதித்ததே தவிர வேகவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். "மலையில திறந்து வச்சா இப்படித்தாம்மா. குக்கர்ல போடுங்க. கீழ மூணு விசில்னா இங்க நாலு" என்றார். ஏன் என்று பெரியம்மா கேட்டதற்கு, "குளிர் ஊர் இல்லையா?" என்று பதில் வந்தது.

இத்தனையும் நடக்கும்போது பேரன் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தான். கையில் மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட். மலை ஏற ஏற அது தலையணை மாதிரி உப்பிப்போய், பிரிக்கும்போது டப்பென்று வெடித்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். பர்லியாறு தாண்டியதும் காது அடைத்த கதையையும் சொன்னான். "காற்றழுத்தம் குறைஞ்சா தண்ணியோட கொதிநிலை என்னடா ஆகும்?" என்று கேட்டேன். "குறையும்" என்றான், கேட்ட மாத்திரத்தில். "பரீட்சையில வந்துச்சு சித்தப்பா."

கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், உயரம் ஏறத்தாழ 300 மீட்டர் கூடும்போதெல்லாம் ஒரு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். இங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. கொதிக்க ஆரம்பித்த தண்ணீர் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது, சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். குக்கர் மூடி உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்துகிறது. ஆனால் அதன் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலேதான் கூட்டும் என்பதால், கீழே 120 டிகிரியை எட்டுகிற குக்கர் இங்கே 117-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அக்கா சொன்ன நாலாவது விசில் அந்த மூன்று டிகிரிக்குக் கட்டுகிற வட்டி.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு விஷயம். அந்தச் சமையலறையில் விடை முழுசாக இருந்தது. அக்காவிடம் செய்முறை இருந்தது, காரணம் இல்லை. பையனிடம் காரணம் இருந்தது, அது பருப்புக்கும் பொருந்தும் என்ற நினைப்பு இல்லை. சிப்ஸ் பாக்கெட்டும் அடைத்த காதும் அவனுக்குச் சிரிப்புக் கதை, கொதிநிலை பரீட்சைக் கேள்வி. ஒரே தலைக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருந்தும் முகம் பார்த்ததில்லை.

அன்றாடச் சிக்கல்களை மூளை எப்படித் தீர்க்கிறது என்ற கேள்விக்கு நான் படித்த வரையில் கிடைத்த பதில் கிட்டத்தட்ட இதுதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது அபூர்வம். ஏற்கெனவே தெரிந்த இரண்டு விஷயங்களுக்கு நடுவே தொடர்பு உண்டாவதைத்தான் பெரும்பாலும் 'யோசனை தோன்றியது' என்கிறோம். தொடர்பு எப்படி உண்டாகிறது, ஏன் சில சமயம் உண்டாக மறுக்கிறது என்பதில்தான் சுவாரசியமே.

மனித மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. அதில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற அணுக்களோடு தொடர்பு வைத்திருக்கிறது. தொடர்பு என்றால் ஒட்டிக்கொண்டிருப்பது கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் சாண்டியாகோ ரமோன் இ கஹால் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்து, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி ஆள் என்று வாதிட்டார். நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, ரசாயனத் தூது அதைத் தாண்டிப் போகிறது என்பது பின்னால் உறுதியானது. அவர் பயன்படுத்திய சாய முறையைக் கண்டுபிடித்த இத்தாலியர் கமில்லோ கோல்ஜி என்பவரோ, எல்லாம் ஒரே வலை என்று கடைசிவரை நம்பினார். 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். மேடையிலும் இருவரும் ஒத்துப்போகவில்லை.

தனித்தனி ஆட்கள் என்றால் பழக்கம் எப்படி ஏற்படுகிறது? 1949-இல் கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப் ஒரு யூகத்தை முன்வைத்தார். ஒரு அணு திரும்பத் திரும்ப இன்னொன்றைத் தூண்டுவதில் பங்கெடுத்தால், அவற்றுக்கிடையிலான தொடர்பு வலுப்படும். யூகம்தான், கையில் ஆதாரம் இல்லை. 1973-இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் முயல்களின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் போகும் நரம்புப் பாதையை அடுத்தடுத்து வேகமாகத் தூண்டினார்கள். அதன்பின் அதே அளவு சின்னத் தூண்டுதலுக்கும் அங்கே பதில் பெரிதாக வந்தது, மணிக்கணக்கில் அப்படியே நீடித்தது. இந்தச் செய்தியைச் சொல்லும் எல்லோரும் 'நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை உண்டாவது போல' என்று எழுதுவார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே குடியிருந்துகொண்டு எனக்கு அந்த உவமை போதவில்லை. ஒற்றையடிப் பாதையில் ஒரு சமயத்தில் ஒரு ஆள் போவார். மூளையில் ஒரு இடத்தைத் தட்டினால் அதைச் சுற்றியுள்ள நூறு பாதைகளில் ஒரே நேரத்தில் நடமாட்டம் தெரிகிறது.

அதைக் காட்டிய பரிசோதனை எளிமையானது. 1971-இல் டேவிட் மேயரும் ரோஜர் ஷ்வானவெல்ட்டும் ஆட்களை உட்காரவைத்து எழுத்துக்கூட்டங்களைக் காட்டி, இவை உண்மையான சொற்களா என்று மட்டும் கேட்டார்கள். 'ரொட்டி'யோடு 'வெண்ணெய்' வந்தால், சம்பந்தமில்லாத சொல்லோடு வரும்போது ஆகும் நேரத்தைவிடச் சீக்கிரம் பதில் வந்தது. வித்தியாசம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது, ஆனால் விடாமல் வந்தது. ரொட்டியைப் படித்த உடனேயே வெண்ணெய் பாதி விழித்துக்கொள்கிறது. 1975-இல் ஆலன் காலின்ஸும் எலிசபெத் லாஃப்டஸும் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். ஒரு கருத்து விழித்தால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கருத்துகளுக்கும் விழிப்பு பரவும், தூரம் போகப்போகத் தேய்ந்துவிடும் என்று.

இதை வீட்டில் சோதித்துப் பார்த்தேன். மூன்று சொற்கள்: பச்சை, தூள், ஏலம். மூன்றோடும் சேருகிற ஒரே சொல் என்ன? பக்கத்து வீட்டு அக்கா யோசிக்கவே இல்லை. "தேயிலை." பச்சைத் தேயிலை, தேயிலைத் தூள், தேயிலை ஏலம். குன்னூரில் தேயிலை ஏல மையம் இருக்கிறது. கிலோவுக்கு என்ன போயிற்று என்பது இங்கே டீக்கடைப் பேச்சு. அதே மூன்று சொல்லைப் பெரியம்மாவிடம் கேட்டேன். அவரும் யோசிக்கவில்லை. "மிளகாய்." பச்சை மிளகாய், மிளகாய்த் தூள், மிளகாய் வத்தல் ஏலம். விருதுநகர்ச் சந்தையை அறிந்தவருக்கு வேறு என்ன தோன்றும்? நான் போட்ட புதிருக்கு இரண்டு சரியான விடை இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரவர் வலை, அவரவர் ஊர்.

பருப்பு விஷயத்திலும் பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவர் பக்கத்தில் போர்த் தண்ணீர் உப்பு. கால்சியம் கலந்த கடின நீரில் பருப்பு இறுகும், சோடா அதை இளக்கும். பழைய பருப்பு வேக நேரமாகும் என்பதும் உண்மை. வேகாத பருப்பு என்றதும் அவர் மூளையில் விழித்த ஒவ்வொரு தொடர்பும் ஐம்பது வருஷ அனுபவத்தில் சரியாக வந்தவைதான். உயரம் என்ற சங்கதி மட்டும் அந்த வலையில் முடிச்சுப் போட்டிருக்கவில்லை. அருப்புக்கோட்டையில் அதற்குத் தேவை எங்கே வந்தது?

வலுவான தொடர்பு கைகொடுக்கும் அளவுக்குக் கண்ணையும் மறைக்கும். இதற்கு எங்கள் ஊரில் தினமும் ஒரு செய்முறை விளக்கம் நடக்கிறது, மலைப்பாதையில். சமவெளியிலிருந்து வந்த கார் ஊட்டியிலிருந்து இறங்குகிறது. ஓட்டுபவர் அனுபவசாலி, நாலுவழிச் சாலையில் பல வருஷம் ஓட்டியவர். வேகம் கூடினால் பிரேக், இது அவர் காலுக்கே தெரியும். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வருகிறார். பிரேக் உராய்ந்து சூடேறி, கருகின வாடை வரும். சூடேறச் சூடேறப் பிடிப்பு குறையும். அவர் இன்னும் அழுத்தி மிதிப்பார், இன்னும் சூடேறும். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துபோட்டு, இஞ்சினில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உள்ளூர் டிரைவர் ஒரே வரியில் சொல்வார்: "ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்." இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் சக்கரம் இஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கிறது, இஞ்சின் இழுத்துப் பிடிக்கிறது, பிரேக்குக்கு வேலை பாதியாகிறது. பாதையோரப் பலகையிலும் இது எழுதியிருக்கும். சமவெளிக்காரரும் படித்திருப்பார். ஆனாலும் கை கியருக்குப் போகாது. ஏனென்றால் கியர் அவர் மூளையில் 'போக', பிரேக் 'நிற்க'. போவதற்கான சாமான் நிறுத்தவும் உதவும் என்ற எண்ணத்துக்கு அங்கே வழியே இல்லை.

ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டுங்கர் இதைத்தான் மெழுகுவர்த்தி வைத்துக் காட்டினார். அவருடைய ஆய்வு 1945-இல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு சின்ன அட்டைப்பெட்டி நிறையக் குத்தூசிகள். மெழுகுவர்த்தியைச் சுவரில் நிற்கவைக்க வேண்டும். பலர் மெழுகை உருக்கி ஒட்டப் பார்ப்பார்கள், ஊசியால் குத்தப் பார்ப்பார்கள். பெட்டியைக் காலி செய்து, சுவரில் குத்தி, அதையே தட்டாக்கலாம் என்பது தோன்றாது. பெட்டி ஊசி வைக்கும் இடமாகவே கண்ணில் படுகிறது. ஊசியை வெளியே கொட்டி, வெறும் பெட்டியைத் தனியாக வைத்துக் கொடுத்தால் கண்டுபிடிப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். பொருள் அதேதான். அது எந்தத் தொடர்போடு கண்ணுக்கு வந்தது என்பதில்தான் மாற்றம்.

இனி, தொலைவில் கிடக்கும் இரண்டு விஷயங்கள் சேருவது. இதுதான் மொத்தத்திலும் கடினமான பகுதி, பையன் தடுக்கிய இடமும் இதுதான்.

டுங்கர் போட்ட இன்னொரு புதிர் உண்டு. வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சை முடியாது. கதிர்வீச்சால் அழிக்கலாம், ஆனால் கட்டியை அழிக்கும் அளவு வலுவான கதிர் வழியில் உள்ள நல்ல சதையையும் அழிக்கும். வலு குறைந்த கதிர் சதையை ஒன்றும் செய்யாது, கட்டியையும் ஒன்றும் செய்யாது. என்ன செய்வது? 1980-இல் மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் இந்தப் புதிரைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கதையைப் படிக்கவைத்தார்கள். ஒரு கோட்டை. அதற்குப் பல திசைகளிலிருந்து பாதைகள். எல்லாப் பாதையிலும் கண்ணிவெடி. சில பேர் நடந்தால் வெடிக்காது, பெரும்படை போனால் வெடிக்கும். தளபதி படையைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, எல்லாப் பாதையிலும் ஒரே நேரத்தில் அனுப்பி, கோட்டை வாசலில் ஒன்றுசேர்த்துப் பிடித்துவிடுகிறார்.

கட்டிக்கும் அதே வழிதான். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்கள், கட்டியில் ஒன்றுகூடும்படி. கதை படிக்காதவர்களில் பத்தில் ஒருவர் இதைச் சொன்னார். கதை படித்தவர்களில் சுமார் பத்தில் மூன்று பேர். சில நிமிஷத்துக்கு முன்னால் விடையையே படித்துவிட்டு மீதி ஏழு பேர் முழித்துக்கொண்டிருந்தார்கள்! "நீங்கள் படித்த கதை உதவும்" என்று ஒரு வரி சொன்னதும் முக்கால்வாசிப் பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த ஒரு வரியில் புதிய தகவல் ஏதுமில்லை. ஆனால் அது இல்லாமல் படை என்ற சொல் சண்டையை எழுப்புகிறது, கட்டி என்ற சொல் ஆஸ்பத்திரியை எழுப்புகிறது, இரண்டும் சந்திப்பதில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து பிக்கப் வேன் போக முடியாதபோது, கோஸ் மூட்டைகளைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பல குறுக்குவழிகளில் தூக்கிப் போய் மறுபக்க ரோட்டில் ஒன்றுசேர்த்து லாரி ஏற்றுவது மலைக் கிராமத்தில் யாருக்கும் தெரியும். அவர்களிடம் கட்டிப் புதிரைப் போட்டால் சட்டென்று சொல்வார்களா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. கோஸ் மூட்டை காய்கறிக் கணக்கில் கிடக்கும்.

1983-இல் டெட்ரே ஜென்ட்னர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நல்ல ஒப்புமை என்பது பொருள்களின் சாயல் ஒத்துப்போவதில் இல்லை, அவற்றுக்கிடையே உள்ள உறவுகள் ஒத்துப்போவதில் இருக்கிறது. எது எதைத் தள்ளுகிறது, எது எதைத் தடுக்கிறது, எது எங்கே போய்ச் சேருகிறது என்பது போல. சிக்கல் என்னவென்றால், நினைவைத் தட்டும்போது முதலில் எழுந்து வருவது சாயல். உறவு ஆழத்தில் கிடக்கிறது.

உறவை மட்டும் பிடித்துக்கொண்டவர் எப்படிப் பேசுவார் என்பதை ஊட்டிப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் கேட்டேன். டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி இறங்கும். விடிந்து பார்த்தால் உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றியது போலக் கருகிக் கிடக்கும். அன்று சாயங்காலம் வானத்தில் பொட்டு மேகமில்லை. எனக்கு அழகாக இருந்தது. தோட்டக்காரர் நாற்றங்காலின் மேல் காய்ந்த புல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார். "போர்வை இல்லை, இன்னைக்கு பனி பிடிக்கும்" என்றார், வானத்தைக் காட்டி. மேகம் இருந்தால் நிலத்திலிருந்து போகும் சூட்டை அது வாங்கித் திருப்பி அனுப்பும், இல்லாவிட்டால் சூடு நேரே வெளியேறிவிடும். அவர் செடிக்குப் போட்ட புல்லும் வானத்துக்குப் போடாத மேகமும் அவருக்கு ஒரே பொருள்.

அதோடு நிற்கவில்லை. கீழ்ப் பாத்திகளைத்தான் மூடினார், மேட்டில் இருந்ததை விட்டுவிட்டார். கேட்டதற்கு, "குளிரு தண்ணி மாதிரிங்க, பள்ளத்துக்குத்தான் ஓடும்" என்றார். அது அப்படியே உண்மை. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தாவும் ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானமும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வெள்ளை விரித்துக் கிடக்க அதுவும் ஒரு காரணம். தண்ணீருக்கும் காற்றுக்கும் சாயலில் ஒற்றுமை இல்லை. நனையாது, மின்னாது, கண்ணுக்கே தெரியாது. ஆனால் 'கனமானது சரிவில் இறங்கும், தடுத்தால் தேங்கும்' என்ற உறவு ஒன்றே. தண்ணீரைப் பற்றி வாய்க்கால் வெட்டிக் கற்றதையெல்லாம் அவர் குளிருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் மலை ரயிலும் இப்படி ஒரு கடன்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பாதை 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் வெறும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்து, இஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். ஸ்விட்சர்லாந்து மலைகளிலிருந்து வந்த யோசனை. ரோமன் ஆப்ட் வகுத்த இந்த முறையில் பட்டைகள் இரண்டு, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பிடித்திருக்கும். ஏணியில் ஏறும் ஆள் ஒரு காலைத் தூக்கும்போது மறு காலை ஊன்றியிருப்பதுபோல என்று நான் நினைத்துக்கொள்வேன். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ரயில் வந்தது.

சரி, 'திடீரென்று பொறி தட்டியது' என்கிறோமே, அது? 2004-இல் மார்க் பீமன், ஜான் கூனியோஸ் குழுவினர், நான் போட்ட பச்சை–தூள்–ஏலம் மாதிரிச் சொற்புதிர்களை ஆங்கிலத்தில் கொடுத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். படிப்படியாக யோசித்து வந்த விடைக்கும் பளிச்சென்று தோன்றிய விடைக்கும் வித்தியாசம் தெரிந்தது. பளிச் விடைக்கு ஏறத்தாழ 0.3 நொடி முன்னால், வலது காதுக்குச் சற்று மேலே உள்ள பகுதியில் வேகமான அலை ஒன்று சட்டென்று எழும்பியது. தொலைவான தொடர்புகளைச் சேர்ப்பதில் அந்தப் பகுதிக்குப் பங்குண்டு என்று விளக்கினார்கள். உடனே 'வலது மூளை கற்பனை, இடது மூளை கணக்கு' என்று கிளம்பிவிட வேண்டாம். எந்தச் சிக்கலுக்கும் இரண்டு பக்கமும் சேர்ந்தே உழைக்கின்றன. மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதும் கட்டுக்கதை. இந்த இரண்டையும் நம்பவைத்துக் குழந்தைகளுக்குச் சிறப்பு வகுப்பு நடத்திக் காசு பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வேலை நெற்றிக்குப் பின்னாலும் நடக்கிறது. முன்மூளைப் பகுதி 'நமக்கு இப்போது என்ன வேண்டும்' என்பதைப் பிடித்து வைத்துக்கொண்டு, விழித்தெழும் தொடர்புகளில் வேண்டாததை அடக்குகிறது. ஆனால் ஒரே நேரத்தில் அது கையில் வைத்திருக்கக்கூடியது நாலு சங்கதிதான் என்று நெல்சன் கோவன் 2001-இல் கணித்தார். நாலை வைத்துக்கொண்டு பெரிய காரியம் எப்படி? பலதைக் கட்டி ஒன்றாக்கித்தான். தோடர் பெண்கள் பூத்துக்குளிச் சால்வைக்குப் பூவேலை செய்வதைப் பார்த்தால் புரியும். துணியில் கோடு வரைவது கிடையாது, மாதிரிப் படமும் கிடையாது. இழையை விரலால் எண்ணிக்கொண்டே சிவப்பும் கறுப்புமாகக் குத்திக்கொண்டு போகிறார்கள், பேச்சு ஒரு பக்கம் நடக்கிறது. பழகாதவருக்கு ஒவ்வொரு குத்தும் ஒரு கணக்கு. அவர்களுக்கு ஒரு முழுப் பூவே ஒரு கணக்கு.

நெற்றிப் பகுதியின் கெடுபிடி தளரும்போது தூரத்துத் தொடர்புகளுக்கு வாய்ப்புக் கூடுகிறது. குளிக்கும்போதும் நடக்கும்போதும் யோசனை தோன்றுவதற்கு அப்படித்தான் காரணம் சொல்கிறார்கள். தூக்கம் பற்றி ஒரு ஆய்வு எனக்குப் பிடிக்கும். 2004-இல் ஜெர்மனியில் ஆட்களுக்கு எண் கணக்குகளைக் கொடுத்தார்கள். அதில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது, அதைச் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து மறுபடி செய்தவர்களில் 59 சதவீதம் பேர் குறுக்குவழியைப் பிடித்தார்கள். அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தவர்களில் 23 சதவீதம். குழுவுக்கு 22 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் 'காலையில பாத்துக்கலாம்' என்று விளக்கை அணைப்பவர்களை அதன்பின் நான் சோம்பேறி என்று சொல்வதில்லை.

எதுவானாலும் உள்ளே சரக்கு இருந்தால்தான் சேரும், அதிலும் சேரும்படி வைக்கப்பட்டிருந்தால்தான். கிக்கும் ஹோலியோக்கும் 1983-இல் இன்னொரு சுற்றுப் பரிசோதனை செய்தார்கள். ஒரு கதைக்குப் பதில், ஒரே தீர்வைக் கொண்ட இரண்டு வேறு வேறு கதைகளைக் கொடுத்து, இரண்டுக்கும் என்ன ஒற்றுமை என்று எழுதச் சொன்னார்கள். அப்படி ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், யாரும் குறிப்புக் கொடுக்காமலே கட்டிப் புதிரை அதிகம் தீர்த்தார்கள். ஒரு கதையில் தளபதியும் கோட்டையும்தான் மனதில் நிற்கும். இரண்டாவது கதையில் தளபதி இல்லை, கோட்டை இல்லை, ஆனால் பிரிந்து போய்ச் சேருவது மட்டும் மிச்சம் நிற்கிறது. உறவு வெளியே தெரிகிறது.

பேரனிடம் அன்று இதைத்தான் செய்து பார்த்தேன். காரணத்தை நான் சொல்லவில்லை. சிப்ஸ் பாக்கெட், அடைத்த காது, வேகாத பருப்பு, மூன்றுக்கும் என்னடா ஒற்றுமை என்று மட்டும் கேட்டேன். "மூணும் மலைக்கு வந்ததும் ஆச்சு" என்றான். அப்புறம்? பாக்கெட்டுக்கு உள்ளே மேட்டுப்பாளையத்துக் காற்று, வெளியே குன்னூர் காற்று என்று இழுத்தான். காதுக்கும் அதேதான் என்றான். பருப்புக்கு வந்ததும் நின்றான். கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்தான். "மேல அழுத்துறதுக்கு ஆள் இல்லாம தண்ணி சீக்கிரமே எழுந்திருச்சுப் போயிருதா?" என்றான். பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்திருக்காது. பெரியம்மாவுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பையும் அவனுக்கே கொடுத்தேன். அவர் பாதி கேட்டார், பாதி குக்கர் மூடியைத் தேடினார்.

பத்து நாள் கழித்து இருவரையும் மேட்டுப்பாளையம் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்பதால் வரும்போது பெரிய கேன் ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். காலி கேனை எறிய மனமில்லாமல், ஊரில் எண்ணெய்க்கு ஆகுமென்று மூடியை இறுக்கித் திருகி மடியில் வைத்துக்கொண்டார் பெரியம்மா. பையன் பின்சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தான். காட்டேரி தாண்டி இறங்க இறங்கக் கேன் மெல்ல 'டக், டக்' என்றது. பர்லியாறு வருவதற்குள் அதன் விலாப் பக்கம் யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சியது போல ஒட்டிப்போய்விட்டது. பெரியம்மா அதைத் தூக்கிப் பார்த்தார், ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார்.

"ஏப்பா, இதுவும் அந்தப் பருப்புதானா?"